எந்த ஆண்டுக்குத் திரும்புவது? பாஸ்டன் ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஸ்டேட் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில், அண்ணாந்து பார்க்க வைக்கும் அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே மூன்று மாடி உயரம்கூடத் தேறாத ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ் என்பது பெயர். 1713-இல் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் மாகாண ஆட்சியின் தலைமையகம், பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டமன்றம், பிறகு நகரமன்றம், நடுவிலும் பின்னாலும் வாடகைக் கடைகள் என்று இருந்து, 1882 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

கட்டடத்தின் முழு வரலாறும் இங்கே வராது. இடிப்பிலிருந்து அதைக் காப்பாற்றியவர்கள் எந்த ஆண்டின் தோற்றத்துக்கு அதைத் திருப்புவது என்று ஒரு முடிவு எடுத்தார்கள். அதற்கான சான்று பாதி வலுவாகவும் பாதி ஊகமாகவும் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது கேள்விக்குள்ளானது. ஆனாலும் செய்ததைக் கலைக்காமல் விட்டார்கள். பழைய தாலுகா அலுவலகத்தையோ கலெக்டர் பங்களாவையோ அருங்காட்சியகமாக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சரடுதான் பயன்படும் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சம்பந்தப்பட்டவர்களை அவர்கள் வகித்த பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறேன். கட்டடக் கலைஞர்களின் பெயரைத் தவிர்க்க முடியாது. அவர்களுடைய வேலைதான் பேச்சே.

பின்னணி: 1713 – 1841

இதே இடத்தில் முதலில் மரத்தாலான நகர மண்டபம் இருந்தது. 1711-இல் பாஸ்டனின் மையப் பகுதியைத் தின்ற தீயில் அதுவும் போயிற்று. அதற்கு மாற்றாக எழுந்ததுதான் 1713-இன் செங்கல் கட்டடம். தரைத்தளத்தில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் திறந்த கூடம். மேல்தளத்தின் கிழக்கு முனையில், துறைமுகத்தை நோக்கிய பால்கனியோடு, ஆளுநரின் ஆலோசனை சபை அறை. நடுவில் மக்கள் பிரதிநிதிகள் சபை. மேற்கு முனையில் நீதிமன்றம்.

1747 டிசம்பரில் மறுபடியும் தீ. உள்ளே இருந்த மரவேலை முழுவதும், மாகாண ஆவணங்களில் பெரும்பகுதியும் சாம்பலாயின. செங்கல் சுவர்கள் மட்டும் மிஞ்சின. அந்தச் சுவர்களுக்குள்ளேயே 1748-இல் புதிதாக உள்ளமைப்பு கட்டினார்கள். அமெரிக்க விடுதலைப் போராட்டத்தோடு இந்தக் கட்டடத்தை இணைக்கிற நிகழ்ச்சிகள் எல்லாம் நடந்தது அந்த 1748-இன் அறைகளில்தான். 1761-இல் பிரிட்டிஷ் சுங்கச் சோதனை ஆணைகளுக்கு எதிரான புகழ்பெற்ற வாதம் சபை அறையில் ஒலித்தது. 1766-இல் பிரதிநிதிகள் சபையில் பொதுமக்கள் உட்கார்ந்து விவாதத்தைக் கேட்க மாடம் அமைத்தார்கள். ஆள்பவர்கள் பேசுவதைச் சாமானியர் நேரில் கேட்பது அன்று புதுமை. 1770 மார்ச் 5 அன்று சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டு ஐந்து பேர் இறந்தது கிழக்குப் பால்கனிக்கு நேர் கீழே உள்ள தெருவில். 1776 ஜூலை 18 அன்று அதே பால்கனியிலிருந்து சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்கள். அன்று மாலையே கூரை முகப்பில் இருந்த பிரிட்டிஷ் அரச சின்னங்களான சிங்கத்தையும் ஒற்றைக்கொம்புக் குதிரையையும் பிடுங்கித் தெருவில் போட்டு எரித்தார்கள்.

1798-இல் பீக்கன் குன்றின் மேல் புதிய ஸ்டேட் ஹவுஸ் திறந்ததும் அரசு அங்கே போய்விட்டது. பழைய கட்டடம் வாடகைக்கு வந்தது. 1830-இல் நகர நிர்வாகம் அதை நகரமன்றமாக மாற்ற, ஐசையா ரோஜர்ஸ் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தியது. அவர் அன்றைய மோஸ்தரான கிரேக்க மறுமலர்ச்சிப் பாணியில் உள்ளமைப்பை மாற்றினார். கட்டடத்தின் நடுவில் வட்டக் கூடம், அதில் சுழன்று ஏறும் படிக்கட்டு. இந்த வட்டக் கூடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகரமன்றமாக இருந்த பதினோரு ஆண்டுகளும் வெறும் கோப்பு நகர்த்திய காலம் அல்ல. 1835 அக்டோபரில் அடிமை ஒழிப்பு இதழாசிரியர் வில்லியம் லாயிட் கேரிசனைக் கயிறு கட்டித் தெருவில் இழுத்துவந்த கும்பலிடமிருந்து அவரை மீட்டு, மேயர் கொண்டுவந்து வைத்தது இந்தக் கட்டடத்துக்குள்தான். 1841-இல் நகரமன்றமும் இடம் மாறியது.

கடைகளின் காலம்

அடுத்த நாற்பது ஆண்டுகள் கட்டடம் நகராட்சிக்கு வாடகை ஈட்டிக் கொடுத்தது. உடை விற்பவர்கள், தந்தி அலுவலகம், காப்பீட்டு முகவர்கள் என்று பலர் குடியிருந்தார்கள். கூடுதல் இடம் வேண்டும் என்று பழைய சரிவுக் கூரையை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு தளம் கிடைக்கும்படியான மான்சார்ட் கூரை போட்டார்கள். 1870-களின் புகைப்படங்களில் செங்கல் தெரிவதைவிட விளம்பரப் பலகை தெரிவதே அதிகம்.

இந்தக் காலத்தை எழுதுபவர்கள் எல்லாரும் ‘சீரழிவு’ என்ற ஒரே சொல்லில் கடந்துபோவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வாடகை வந்ததால்தான் கட்டடம் நின்றது. சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக் வாழ்ந்த மாளிகை கல்லால் கட்டிய உறுதியான வீடு. வாங்கிப் பராமரிக்க ஆளில்லாமல் 1863-இல் இடிபட்டது. ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ் அந்தக் கதிக்கு ஆளாகாமல் 1881 வரை வந்தது கடைக்காரர்களின் புண்ணியம்.

1881: நிலைமை

1870-களின் இறுதியில் குத்தகைகள் முடியும் தறுவாய்க்கு வந்தபோது நகராட்சிக்கு முன்னால் இரண்டு கணக்குகள் இருந்தன. நடுத்தெருவில் நிற்கும் கட்டடம் போக்குவரத்தை மறிக்கிறது என்பது ஒன்று. நிலத்தின் விலை கட்டடத்தின் விலையைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்பது மற்றொன்று. இடித்துவிடலாம் என்ற பேச்சு வெளிப்படையாகவே நடந்தது. செங்கல் செங்கலாகப் பிரித்து எடுத்துப்போய் மிச்சிகன் ஏரிக்கரையில், லிங்கன் பூங்காவில் கட்டிக்கொள்கிறோம் என்று சிகாகோவிலிருந்து ஒரு யோசனையும் வந்தது. அந்த யோசனைதான் பாஸ்டன்காரர்களின் ரோஷத்தைக் கிளறியது என்று சொல்வார்கள். ரோஷத்தைவிட, ஹான்காக் மாளிகை போன வலியும், 1876-இல் ஏலத்துக்குப் போன ஓல்ட் சவுத் தேவாலயத்தைப் பணம் திரட்டி மீட்ட அனுபவமும் பெரிய காரணங்கள் என்று நினைக்கிறேன். எப்படிக் கூட்டம் கூட்டுவது, யாரிடம் நன்கொடை கேட்பது என்று நகரம் அதற்குள் கற்றிருந்தது.

1879-இல் பழம்பொருள் ஆர்வலர்கள் சிலர் தொடங்கிய சிறு மன்றம் 1881-இல் பாஸ்டோனியன் சொசைட்டி என்ற சங்கமாக வளர்ந்தது. இவர்களில் நகரமன்ற உறுப்பினராகவும் இருந்த ஒரு வரலாற்று ஆர்வலர் இந்தக் கதையின் முக்கிய மனிதர். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே நேரத்தில் அழுத்தம் கொடுக்க முடிந்தவர் அவர்.

பொறுப்பு கைக்கு வந்தபோது கட்டடத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவு:

வெளித்தோற்றத்துக்குச் சான்று நிறைய இருந்தது. 1770-இல் பால் ரிவியர் அச்சிட்ட துப்பாக்கிச் சூட்டுப் படத்தின் பின்புலத்தில் கிழக்கு முகப்பு இருக்கிறது. 1801-இல் ஸ்டேட் தெருவைத் தீட்டிய ஓவியம் ஒன்றில் கூரையும் கோபுரமும் தெளிவாகத் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 1713-இன் சுவர்களே நின்றன.

உள்ளமைப்புக்கு அப்படி எதுவும் இல்லை. 1748-இன் அறைகளை யாரும் வரைந்து வைக்கவில்லை. கட்டணக் கணக்குகளும் சபைக் குறிப்புகளும்தான் துணை. கடைக்காரர்கள் தடுப்பு போட்டும் எடுத்தும் போட்டும் குழப்பியிருந்த மேல்தளத்தில், நடுவே ஒரு வட்டக் கூடத்தின் உருவம் மட்டும் படிந்திருந்தது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, சொத்துரிமை பற்றியது. கட்டடத்தைச் சங்கம் வாங்கவில்லை. நகராட்சியே உரிமையாளராக நீடித்தது. பழுதுபார்க்கும் செலவை நகராட்சி ஏற்றது. மேல்தளங்களைச் சங்கம் குத்தகைக்கு எடுத்து அருங்காட்சியகம் நடத்தியது. அன்றைய நிலையில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்திருக்காது. அந்த நிலத்தை விலை கொடுத்து வாங்கும் வசதி எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. கீழ்த்தளத்தில் வாடகைதாரர்கள் தொடர்ந்தார்கள். நகராட்சியே உரிமையாளராக நீடித்ததன் விளைவு இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தது. அது பின்னால் வரும்.

இரண்டாவது, வெளித்தோற்றம். நகராட்சியின் கட்டடக் கலைஞராக இருந்தவர் ஜார்ஜ் கிளஃப். மான்சார்ட் கூரை போனது. பழைய சரிவுக் கூரை வந்தது. விளம்பரப் பலகைகள் இறங்கின. படிக்கட்டு போல ஏறி இறங்கும் கிழக்கு முகப்பின் இரு ஓரத்திலும், 1776-இல் எரித்த சிங்கத்துக்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைக்கும் மரத்தில் புதுப் பிரதிகள் செய்து நிறுத்தினார்கள். நூறு ஆண்டுக்கு முன் தாத்தன்மார் பிடுங்கி எரித்த அரச சின்னத்தைப் பேரன்மார் செலவழித்துத் திரும்ப ஏற்றுவது சின்ன விஷயம் இல்லை. எதிர்ப்பக்கமான மேற்கு முகப்பில் கழுகு இடம்பெற்றது. குடியரசுக்கும் ஒரு பங்கு.

மூன்றாவது முடிவுதான் இந்த ஆய்வின் மையம். உள்ளே எந்த ஆண்டுக்குத் திரும்புவது? நகரமன்ற உறுப்பினரும் கிளஃபும் 1748 என்றார்கள். விடுதலைப் போராட்டம் நடந்த அறைகள் அவை; மக்களுக்குக் காட்ட வேண்டியவையும் அவையே. காரணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆதாரத்தில்தான் சிக்கல். மேல்தளத்தில் எஞ்சியிருந்த வட்டக் கூடத்தின் உருவத்தை அவர்கள் 1748-இன் அமைப்பு என்றே நம்பினார்கள். ரோஜர்ஸ் 1830-இல் வந்து மேற்பூச்சைத்தான் மாற்றினார், அறைகளின் எல்லையைத் தொடவில்லை என்பது அவர்கள் வாதம். ஆக, அந்த உருவத்தைப் பின்பற்றி வட்டக் கூடத்தையும் சுழல் படிக்கட்டையும் அமைத்து, அதன் இருபுறமும் சபை அறையையும் பிரதிநிதிகள் மண்டபத்தையும் வகுத்தார்கள்.

1882 ஜூலை 11 அன்று கட்டடம் திறந்தது. 1748-இன் அறைகள் மீண்டுவிட்டன என்றே விழாவில் அறிவித்தார்கள்.

இன்று அந்தப் படிக்கட்டில் ஏறிப்போகிறவர் வேலையின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. சுவரோடு சேர்ந்து வளையும் மரவேலை. கையை எடுக்காமலே கீழிருந்து மேல்வரை வழுக்கிக்கொண்டு போகக்கூடிய கைப்பிடி. நடுவில் தூண் எதுவும் இல்லாமல் வெற்றிடத்தைச் சுற்றி ஏறும் படிகள். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தின் பொதுக் கட்டடம் எதிலாவது இப்படி ஒரு வட்டக் கூடம் உண்டா என்று கேட்டிருந்தால் அப்போதே பொறி தட்டியிருக்கும். நேர்க்கோட்டில் ஏறித் திரும்பும் படிகளே அந்தக் காலத்து வழக்கம். நடுவில் வட்டம் போடுவது குடியரசு வந்த பிறகு பரவிய ருசி.

1885–86: எதிர்வாதம்

கேள்வி வெளியூரிலிருந்து வந்தது. நியூயார்க்கில் ஒரு பெரிய நூலகத்தின் பொறுப்பில் இருந்த வரலாற்றாளர் ஒருவர் 1885-இல் கட்டுரை படித்தார். அதைப் படித்தது கட்டடத்தை மீட்ட சங்கத்தின் மேடையிலேயே. 1747 தீக்குப் பிந்தைய கணக்குகள், 1830 மாற்றங்களின் ஆவணங்கள் இவற்றை வரிசையாக வைத்து, நீங்கள் மீட்டதாகச் சொல்லும் அறைகள் 1748-இன் அறைகள் அல்ல, 1830-இன் நகரமன்றம் என்று சொன்னார்.

நகரமன்ற உறுப்பினர் விடவில்லை. 1886-இல் பதில் எழுதினார். கட்டடத்தின் ‘நேர்மை’ மீது ஆதாரமற்ற தாக்குதல் என்ற தொனியில் அமைந்த பதில் அது. படிக்கப் படிக்க ஒன்று புலப்படுகிறது: வெளியூர்க்காரர் கேட்டது படிக்கட்டைப் பற்றி, பதில் வந்தது கட்டடத்தின் மானத்தைப் பற்றி. கூரைக்கும் சுவருக்கும் கிடைத்த சான்றுகளை எடுத்துக்காட்டி, அவற்றின் நம்பகத்தை உள்ளமைப்புக்கும் நீட்டிவிட்டார். வெளிச்சுவர் 1713 என்பது உண்மை என்பதாலேயே உள்ளே இருக்கும் வட்டம் 1748 ஆகிவிடாது.

ஒன்றை அவர்கள் சார்பில் சொல்ல வேண்டும். எதிர்க்கருத்துக்காரரைத் தங்கள் மேடையில் ஏற்றினார்கள். இரு தரப்பு வாதமும் அச்சேறியது. இன்று நாம் இந்தப் பிழையை இவ்வளவு துல்லியமாகப் பேச முடிவதற்கு அந்த அச்சுப் பிரதிகளே காரணம். பின்னாளில் நடந்த கட்டட ஆய்வுகள் நியூயார்க்காரர் பக்கமே சாய்ந்தன: வட்டக் கூடத்தின் திட்டம் ரோஜர்ஸுடையது, கையால் தொடக்கூடிய மரவேலையில் பெரும்பகுதி கிளஃபுடையது.

அடித்தளத்தில் ரயில்

நகராட்சி உரிமையாளராக நீடித்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு வழியில் திரும்பி வந்தது. கிழக்கு பாஸ்டனுக்கு நீர்ப்பரப்பின் அடியில் சுரங்க ரயில் பாதை போட்டபோது, நிலையத்துக்கு வாசல் வேண்டியிருந்தது. தோண்ட இடமில்லாத மையப் பகுதியில் நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் தயாராக இருந்தது. 1904 டிசம்பரில் டெவன்ஷயர் என்ற பெயரில் நிலையம் திறந்தது. பழைய அடித்தளமே பயணிகளின் வழியாயிற்று. இன்று அது ஸ்டேட் நிலையம்.

சங்கம் எதிர்த்தது. குத்தகைதாரருக்கு அதற்கு மேல் பிடி இல்லை. 1882 உடன்பாட்டில் மேல்தளங்களைப் பற்றி யோசித்த அளவுக்கு அடித்தளத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால்கூட, பூமிக்கடியில் ரயில் ஓடும் என்று அப்போது யார் கண்டார்கள்? ஆனால் ‘தளம்’ என்று எழுதாமல் ‘கட்டடம் முழுவதும், அடித்தளம் உட்பட’ என்று எழுதக் கற்பனை தேவையில்லை. ஒரு வரிதான்.

1907 முதல் 1909 வரை ஜோசப் சாண்ட்லர் என்ற கட்டடக் கலைஞர் மறுபடி ஒரு சுற்றுப் பழுதுபார்த்தார். கிளஃப் வகுத்த உள்ளமைப்பை அவர் கலைக்கவில்லை.

நீர்

தேதி பற்றிய சண்டை ஒருபுறம் இருக்க, கட்டடத்தின் அன்றாடப் பகை மழைநீர். மூன்று நூற்றாண்டுச் செங்கல் நீரை உறிஞ்சும்; பழைய சுண்ணாம்புச் சாந்து அதைச் சுவாசித்து வெளியே விடும். இடையில் யாராவது கெட்டியான சிமெண்டால் இணைப்புகளை அடைத்துவிட்டால் நீர் வெளியேற வழியின்றிச் செங்கல்லைத் தேடிப் போகும். பனிக்காலத்தில் உறைந்து அதன் முகத்தை உரிக்கும். நம் ஊர்ச் சுண்ணாம்புக் கட்டடங்களில் சிமெண்ட் பூசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே பனி உரிப்பதை இங்கே உப்பு உரிக்கும்.

2005 அக்டோபரில் வில்மா சூறாவளியின் எச்சம் பாஸ்டனைக் கடந்தபோது கோபுரம் ஆடியது, உள்ளே தண்ணீர் இறங்கியது. அதுவரை ஒட்டுவேலையாக நடந்த பராமரிப்பு அதன் பிறகு திட்டமாக மாறியது. 2006-இல் செங்கல் வேலை; 2008-இல் கோபுரம். அழுகிய மரப்பலகைகளை மாற்றினார்கள், சன்னல்களை நீர் புகாமல் பொருத்தினார்கள், 1713-இல் ஷெம் ட்ரௌன் செய்த காற்றுத் திசைகாட்டிக்கு மீண்டும் தங்க ரேக்கு ஒட்டினார்கள். வரிசையைக் கவனிக்க வேண்டும்: சுவர் முதலில், கோபுரம் பிறகு, காட்சிக்கூட அலங்காரம் அதற்கும் பிறகு. 1882-இல் வரிசை வேறு மாதிரி இருந்தது. திறப்புவிழாவில் கண்ணுக்குத் தெரிவது முதலில் வந்தது.

2014: சிங்கத்தின் தலை

மரத்தில் செய்த சிங்கமும் குதிரையும் வெயிலுக்கும் பனிக்கும் இருபது ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1901-இல் செப்புத் தகட்டில் புதிதாகச் செய்து ஏற்றினார்கள். அந்தச் சிங்கத்துக்குள் ஒரு காலப்பெட்டகம் வைத்திருக்கிறார்கள் என்று வெகுகாலம் ஒரு பேச்சு உண்டு.

2014-இல் இரண்டு சிலைகளையும் மெருகேற்ற இறக்கும் வேலை வந்தது. பேச்சை நம்பி உடனே தகட்டை அறுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1901-ஆம் ஆண்டு நாளிதழில் உள்ளடக்கத்தின் பட்டியல் வெளியாகியிருந்ததைத் தேடி எடுத்தார்கள். சிலையைச் செய்தவரின் வழித்தோன்றல் ஒருவர் எழுதிய கடிதமும் அதையே சொன்னது. பிறகு ஒளியிழைக் கேமராவைத் தலைக்குள் செலுத்திப் பெட்டி இருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகே திறப்பு. செப்புப் பெட்டிக்குள் 1901-இன் நாளிதழ்கள், புகைப்படங்கள், கடிதங்கள், தேர்தல் பிரசாரப் பொத்தான்கள், பட்டியலில் பெயர் இல்லாத சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று. சிலையைத் திரும்ப ஏற்றும்போது இக்காலப் பொருள்களோடு புதிய பெட்டி ஒன்றை உள்ளே வைத்தார்கள்.

வாய்மொழியை எழுத்தால் சரிபார்த்து, எழுத்தைக் கருவியால் சரிபார்த்து, கடைசியில்தான் பொருளைத் தொட்டார்கள். 1882-இல் உறுதி முதலில் வந்தது, ஆவணங்களைப் புரட்டியது எதிர்ப்பு வந்த பிறகு. இந்தக் கட்டடத்தில் 130 ஆண்டுகளில் மாறிய வேலைமுறை இது ஒன்றே என்றாலும் எனக்குப் போதும்.

படிக்கட்டை என்ன செய்வது

பிழை தெரிந்த பிறகு மூன்று வழிகள் இருந்தன. வட்டக் கூடத்தை அகற்றி உண்மையான 1748-ஐக் கட்டுவது. கிளஃபின் சேர்க்கைகளை நீக்கி ரோஜர்ஸின் 1830-க்குப் போவது. இருப்பதை அப்படியே விட்டு, என்ன நடந்தது என்று சொல்வது.

மூன்றாவதே நடந்தது. சரியான முடிவு என்பது என் கருத்து. முதல் வழிக்கு அடிப்படையான வரைபடம் 1882-இல் இல்லாதது போலவே இன்றும் இல்லை. மறுபடி ஊகித்துக் கட்டினால் பழைய பிழையைப் புதிய மரத்தில் செய்ததாகும். இரண்டாவது வழியில் போக வரைபடம் உண்டு, ஆனால் 1882-இன் வேலைக்கும் இப்போது வயது நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஒரு நகரமே தன் பழைய அரசுக் கட்டடத்தை மீட்க முன்வந்த தொடக்க முயற்சிகளில் ஒன்றின் கைத்தடம் அது. அதோடு, கேரிசனுக்கு அடைக்கலம் தந்த கட்டடம் வட்டக் கூடத்தோடு இருந்த நகரமன்றம். 1748-ஐ மட்டும் காட்டத் துடித்தவர்கள், தாங்கள் அறியாமலேயே அந்தக் காலத்தின் வடிவத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டைக் காட்ட வேண்டிய தேவையும் போகவில்லை. அதற்குச் சுவரை உடைக்காமல் வேறு வழி கண்டார்கள். சபை அறையில் 1760-களின் பாணியில் மேசை, நாற்காலி, திரைச்சீலைகளைப் பிரதி செய்து போட்டார்கள். பிரதி என்பதால் பார்வையாளர் அந்த நாற்காலிகளில் உட்காரலாம். நாளை புதிய ஆவணம் கிடைத்து, திரையின் நிறம் தவறு என்று தெரிந்தால் திரையைக் கழற்றினால் போதும்.

நிர்வாகமும் மாறியது. 2020 தொடக்கத்தில் பாஸ்டோனியன் சொசைட்டியும் ஓல்ட் சவுத் தேவாலயத்தை நடத்திய சங்கமும் இணைந்து ரெவல்யூஷனரி ஸ்பேசஸ் என்ற ஒரே அமைப்பாயின. ஒரே தெருவில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு இரண்டு அலுவலகம் எதற்கு என்ற கேள்வி எப்போதோ எழுந்திருக்க வேண்டும்.

இதே வேலை இன்று வந்தால் மாற்றிச் செய்ய வேண்டியவை

எடுப்பதற்கு முன் வரைந்து வைக்க வேண்டும். ஹான்காக் மாளிகையை இடிக்கும் முன் 1863-இல் ஒரு கட்டடக் கலைஞர் அதை அளந்து வரைந்து வைத்தார். மாளிகை போனாலும் அளவு மிஞ்சியது. அதே ஊரில் பதினெட்டு ஆண்டு கழித்து மான்சார்ட் கூரையையும் கடைத் தடுப்புகளையும் எடுத்தபோது அந்த முன்மாதிரி கைவசம் இருந்தும் அதே அக்கறை காட்டப்படவில்லை. பிடிக்காத காலத்தின் வேலை என்றால் அளவு நாடாவைக்கூட எடுக்க மனம் வருவதில்லை. சுவர்க்கோடு எந்தச் சாந்தின் மேல், எந்த ஆணியோடு நிற்கிறது என்று அப்போது குறித்திருந்தால் 1748-ஆ 1830-ஆ என்ற வழக்கு ஒரு மாலையில் தீர்ந்திருக்கும்.

வெளிச்சுவரின் தேதி வேறு, உள்ளறையின் தேதி வேறு என்று ஆரம்பத்திலேயே பிரித்து எழுத வேண்டும். ‘1713-இல் கட்டியது’ என்று வாசலில் ஒரு கல்வெட்டு வைத்தால் உள்ளே உள்ள கதவுக் கைப்பிடிவரை எல்லாவற்றையும் பார்வையாளர் 1713 என்றே எடுத்துக்கொள்வார். அறைக்கு அறை, எது மூலம், எது பிரதி, எது ஊகம் என்று ஒட்டிவிடுவது அவ்வளவு செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

குத்தகை எழுதும்போது அடித்தளம், கூரைமேல் வெளி, சுற்றுத் தெருவின் கீழ்நிலம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். அரசே உரிமையாளராக இருக்கும் அருங்காட்சியகங்களில் இன்னொரு துறை வந்து கேட்பது பெரும்பாலும் மேல்தளத்தை அல்ல. மின்மாற்றி வைக்க, வண்டி நிறுத்த, குழாய் போட என்று அக்கம்பக்கத்தைத்தான்.

கடைசியாக, கடைக்காரர்கள். 1798-க்குப் பிறகு நகரமன்றக் காலத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கட்டடத்தைத் தாங்கியது வாடகைதாரர்கள். அவர்கள் போட்ட கூரை போயிற்று, தடுப்புகள் போயின, பலகைகள் போயின. எஞ்சியிருப்பவை புகைப்படங்கள். ஒரு மூலையில் ஒரு கடையின் முகப்பை மட்டுமாவது விட்டுவைத்திருந்தால், ஆளுநர் அறையைப் பார்க்க வருபவர்கள் அதற்கு யார் வாடகை கட்டினார்கள் என்பதையும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.